ரப்பர் பால் போட்ட காயம்

எங்கள் கையில் கத்தி பட்டால் நாங்கள் மருந்து தேடிப் போவதில்லை. மரத்தில் கட்டின சிரட்டையில் ரப்பர் பால் இருக்கிறது. காயத்தைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டு, பாலில் விரலை விட்டுத் தடவினால் போதும். கொஞ்ச நேரத்தில் காய்ந்து தோல் மாதிரி ஆகிவிடும். ரத்தம் நிற்கும். தண்ணீர் படாது. நாலைந்து நாளில் பொருக்கோடு சேர்ந்து கழன்று விழும். இருபத்தாறு வருசமாக ரப்பர் வெட்டுகிறேன். என் இடது கையில் பெருவிரலுக்குப் பக்கத்தில் மூன்று தழும்புகள் இருக்கின்றன. மூன்றும் அப்படி ஆறியவைதான். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எல்லாரும் செய்தார்கள், நானும் செய்தேன்.

அதைத்தான் நாய்க்கும் செய்தேன்.

என் வீட்டுக்காரருக்கு வாதம் வந்து நாலு வருசம் ஆகிறது. வலது கையும் காலும் போய்விட்டன. கேகாலை ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது அவரிடம் ஒரே ஒரு சொல்தான் மிச்சம் இருந்தது. ‘இல்ல.’ தேத்தண்ணி வேணுமா என்று கேட்டால் இல்ல என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டுவார். வலிக்கிறதா என்றால் இல்ல என்பார், முகம் வலிக்கிறது என்று சொல்லும். சொல்லை விட்டுவிட்டு முகத்தைப் பார்க்கப் பழகிக்கொண்டேன். பழகிவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாதம் வருவதற்கு முன்பு அவர் தோட்டத்து மாட்டுப்பட்டியில் இருந்தவர். கன்று போடுவது, காலில் புண், புண்ணில் புழு, எல்லாம் அவர் கைதான் பார்த்தது. பட்டியை மூடும்வரைக்கும் அங்கேதான் இருந்தார்.

பிள்ளைகள் இரண்டு பேரும் கொழும்புப் பக்கம் வேலைக்குப் போய்விட்டார்கள். நான் வேலைக்குப் போகாமல் முடியாது. ரப்பர் வெட்டு விடியற்காலை வேலை. வெயில் ஏறினால் பால் ஓடாது. ஆறு மணிக்குப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கிற இடத்தில், பெயர் கொடுத்துவிட்டுப் போனால் வீட்டுக்குத் திரும்பப் பன்னிரண்டு ஆகும். அதுவரைக்கும் லயத்தில், எங்கள் வரிசை வீடுகளில், ஆள் இருக்காது. எல்லாரும் வேலைக்குப் போய்விடுவோம். அவர் தனியாக இருப்பார்.

நாய் இருந்தது.

அது ஒரு மழை நாளில் லயத்து வாசலுக்கு வந்து நின்ற குட்டி. அவர் இடது கையால் ரொட்டியைப் பிய்த்துப் போட்டார். போகவில்லை. பெயர் வைக்கவில்லை. அவரால் கூப்பிட முடியாது. எனக்குக் கூப்பிட்டுக் கொஞ்சுவதற்கு நேரமில்லை. வா என்றால் வரும், போ என்றால் போகும்.

ஒரு நாள் நான் வெட்டிக்கொண்டிருந்தபோது ஃபீல்டுக்கு வந்து என் பாவாடையைப் பிடித்து இழுத்தது. அடித்து விரட்டினேன். போய்விட்டுத் திரும்பவும் வந்தது. கங்காணி, “போய்ப் பாரு தங்கச்சி, அது சும்மா வராது” என்றார். போய்ப் பார்த்தேன். அவர் குசினிக்குள் விழுந்து கிடந்தார். நெற்றியில் காயம். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நான் போகாமல் இருந்திருந்தால் என்று அன்றைக்கு யோசிக்கவில்லை. பிறகு நிறைய யோசித்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் அவர் விழுந்துதான் கிடந்தார். யாரும் பழக்கவில்லை. அதுவாகப் பழகிக்கொண்டது. அந்த நாயை நம்பித்தான் நான் கதவைச் சாத்திவிட்டு வேலைக்குப் போனேன். நம்ப எனக்கு வேறு ஆள் இல்லை.

இது நடந்தது போன வருசம், மழைக்காலம் முடிகிற சமயம். மூன்று நாள் மழையால் வெட்டு இல்லை. நாலாம் நாள் வானம் வெளுத்தது. எல்லாரும் வேகமாக வெட்டினோம். பாதி மரம் முடித்திருப்பேன். எட்டு மணி இருக்கும். கீழ் வரிசையில் நாய் தெரிந்தது.

கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். நாயைத் தாண்டித்தான் ஓடினேன். அது என் காலடிக்கு வந்தது, நான் நிற்கவில்லை. பின்னால் வருகிறது என்று மட்டும் தெரிந்தது.

வீட்டில் அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். விழவில்லை. பக்கத்தில் கோப்பையில் பாதித் தேத்தண்ணி.

“என்னாங்க, என்னா ஆச்சு?”

“இல்ல,” என்றார். இடது கையை எனக்குப் பின்னால் நீட்டினார்.

திரும்பினேன். நாய் வாசலுக்கு வரவில்லை. கீழே தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்தில் படுத்துவிட்டது. படிக்கட்டு முழுக்க ரத்தம். அது என்னைத் தேடி இறங்கிய வழியும் அதுதான், நான் ஏறி வந்த வழியும் அதுதான். மிதித்துக்கொண்டு வந்திருக்கிறேன், பார்க்கவில்லை.

அன்றைக்கு அது தனக்காக என்னைத் தேடி வந்திருந்தது.

லயத்துக்குப் பின்னால் எங்கள் மரவள்ளிப் பாத்தியைக் காட்டுப் பன்றி கிளறிப் போட்டிருந்தது. விரட்டப் போயிருக்க வேண்டும். வலது பின்தொடைக்கு மேலே, வயிற்றை ஒட்டி, ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. பன்றியின் பல் கிழித்தால் மேலே தெரிவது கொஞ்சம்தான், உள்ளே பை மாதிரி ஆழமாகப் போகும். இது எனக்கு அப்போது தெரியாது. அவருக்குத் தெரியும்.

அவர் கட்டுகிற பழைய சாரத் துணியைக் கிழித்து மடித்துக் காயத்தின் மேல் வைத்து அமுக்கினேன். அதுவரைக்கும் சரியாகத்தான் செய்தேன் என்று பிற்பாடு டொக்டர் சொன்னார். அவரைக் கைத்தாங்கலாக இறக்கிக் கொண்டுவந்து நாய்க்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

“நல்லா அமுக்கிப் புடிங்க. இந்தா வந்துர்றேன்.”

இடது கையால் அமுக்கினார். நான் திரும்பவும் ஃபீல்டுக்கு ஓடினேன். வாளியில் இருக்கும் பாலில் உறையாமல் இருக்க மருந்து ஊற்றியிருப்போம், அது காயத்தில் எரியும். அதனால் வாளிப் பாலைத் தொடவில்லை. அப்போதுதான் வெட்டிய மரங்களின் சிரட்டைகளில் இருந்து சுத்தமான பாலாகப் பார்த்து ஒரு டின்னில் ஊற்றிக்கொண்டு வந்தேன். அந்த அளவுக்கு யோசித்தேன்.

அவர் டின்னைப் பார்த்தார்.

“இல்ல.”

நான் துணியை எடுத்தேன். ரத்தம் நின்றிருந்தது. பீலித் தண்ணீரால் மேலே இருந்த மண்ணைத் துடைத்தேன்.

“இல்ல. இல்ல.” கையைக் குறுக்கே வைத்தார்.

“சும்மா இருங்க. எல்லாத்துக்கும் ஒரே இல்லதானா?”

அவர் கையைத் தள்ளிவிட்டு ஊற்றினேன். தோலின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்து ஊற்றினேன். காய்ந்ததும் இன்னொரு தடவை. மூன்று பூச்சு. நாய் முனகியது, கடிக்கவில்லை. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பகலில் பக்கத்துக் காம்பராப் பெண் வேலை விட்டு வந்து பார்த்தாள். லயத்தில் எங்களுக்கு அடுத்த அறை, அவளும் ரப்பர் வெட்டுகிறவள்.

“அடி ஆத்தீ, என்னா அழகா ஒட்டியிருக்கீங்க அக்கா. டொக்டரு தச்சாக்கூட இப்பிடி வராது.”

“ரத்தம் நின்னுருச்சு. அது போதும்.”

“டயருக்கு ஒட்டுப் போட்ட மாதிரில்ல இருக்கு. இனி பஞ்சர் ஆகாது பாருங்க.”

நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பாதி வெட்டில் விட்டுவிட்டு வந்ததில் எனக்கு அரைப் பெயர்தான், அரை நாள் கூலிதான் விழும், அந்தக் கவலையில் நான் அவரைக் கவனிக்கவில்லை.

அடுத்த நாள் நாய் எழுந்து நின்றது. கஞ்சி குடித்தது. ஒட்டு அப்படியே இருந்தது, வெளியே ஒரு சொட்டு இல்லை. நான் வேலைக்குப் போனேன். இரண்டாம் நாள் சாப்பிடவில்லை. மூக்கு காய்ந்திருந்தது. காதைத் தொட்டால் சுட்டது. காயம் ஆறும்போது கொஞ்சம் காய்ச்சல் இருக்கும் என்று நினைத்தேன். பக்கத்துக் காம்பராப் பெண் மனிதருக்குக் கொடுக்கும் காய்ச்சல் மாத்திரை ஒன்றைப் பொடித்துக் கொண்டுவந்தாள். நாய் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு நல்ல காலம் அது ஒன்றுதான். நாய்க்கு அந்த மாத்திரை ஆகாது என்று பிறகுதான் தெரிந்தது.

மூன்றாம் நாள் காலையில் அது எழவில்லை. வயிற்றுப் பக்கம் உப்பியிருந்தது. ஒரு மாதிரியான வாடை. அவர் என் கையைப் பிடித்தார். நாயைக் காட்டினார். “இல்ல,” என்றார். நான் பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னேன். நாய் தூங்குகிறது என்று சொன்னேன். அது தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

போய் வெட்டினேன். அன்றைக்குக் கீழ் வரிசையை நான் அடிக்கடி பார்த்தேன். நாய் வரவில்லை. வரவில்லை என்றால் வீட்டில் ஒன்றும் இல்லை என்றுதான் வழக்கம். அந்த வழக்கத்தை வைத்து மனதைத் தேற்றினேன். எழ முடியாத நாய் எப்படி வரும் என்று யோசிக்கவில்லை.

பன்னிரண்டுக்கு வந்தேன். கதவு திறந்திருந்தது. அவர் நிலைப்படிக்கு உள்ளே தரையில் கிடந்தார். பக்கத்தில் ஒரு கோப்பை கவிழ்ந்திருந்தது. நாய்க்குத் தண்ணீர் கொடுக்க எழுந்திருக்கிறார். எப்போது விழுந்தார் என்று தெரியாது. தரையில் தண்ணீர் காய்ந்துவிட்டிருந்தது. சாரம் நனைந்து அதுவும் பாதி காய்ந்திருந்தது. நாய் தன் சாக்கில் இல்லை. இரண்டு முழம் இழுத்துக்கொண்டு வந்து நிலைப்படியில் தலையை வைத்துக் கிடந்தது. அதற்கு மேல் முடியவில்லை.

அவரைத் தூக்கி உட்கார வைத்தேன். அடி ஒன்றும் பெரிதாக இல்லை. பிறகு நாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரப்பர் ஒட்டைத் தொட்டுப் பார்த்தேன். நல்ல ஒட்டு. ஒரு நுனி கூடக் கிளம்பவில்லை. அதற்குப் பக்கத்தில் தோலை அமுக்கினால் உள்ளே நறநறவென்றது.

அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைத் திட்டுகிற மாதிரி இல்லை. பட்டியில் மாடு படுத்துவிட்டால் எப்படிப் பார்ப்பாரோ, அப்படிப் பார்த்தார்.

“வேணாம்னுதான் சொன்னீங்களா?”

“இல்ல,” என்றார். தலையை மேலும் கீழும் ஆட்டினார்.

தெரணியகலையில் அரசாங்க மிருக வைத்திய ஒபிஸ் இருக்கிறது. நாங்கள் மாட்டாஸ்பத்திரி என்றுதான் சொல்வோம். தோட்டத்து ஜங்சனில் த்ரீவீல் வைத்திருப்பவர் டவுன் பக்கத்து முஸ்லிம் மனிதர். போன் போட்டேன். வந்தார். நாயைப் பார்த்ததும் முகம் மாறியது.

“நான் நாய ஏத்துறதில்லக்கா. தொழுற மனுசன். எச்சி பட்டா வண்டிய ஏழு தரம் கழுவோணும்.”

“நான் கழுவித் தாறேன் தம்பி.”

“அதுக்குச் செல்லல்ல.” உள்ளே எட்டிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் நிலைப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். “அண்ணனும் வாறாரா?”

“தனியா வுட்டுட்டு வர முடியாது.”

“ரெண்டு பேர்ல யாருக்குக்கா வருத்தம்?”

“ரெண்டு பேருக்கும்தான்.”

“அப்ப எங்க எறக்குற? ஆளாஸ்பத்திரிலயா, மாட்டாஸ்பத்திரிலயா?”

“இல்ல,” என்றார் வீட்டுக்காரர்.

த்ரீவீல்காரர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். “அண்ணன் பட்டில வேல செய்யக்குள்ள எங்கட ஊட்டுக்குத்தான் மொதல்ல பால் கொண்டு வாற. உம்மா இன்னமும் செல்லுவா.” சீட்டுக்கு அடியில் இருந்து வெறும் யூரியா சாக்கு இரண்டை எடுத்து விரித்தார். “ஏத்துங்க. வாய்ப்பக்கம் ஒங்கட மடியில வெச்சுக்கோங்க. என்ட பக்கம் திருப்ப வாணாம்.”

ஒரு பலகையை நாய்க்கு அடியில் தள்ளி நானும் பக்கத்துக் காம்பராப் பெண்ணுமாகத் தூக்கினோம். பாதை மோசம். ஒவ்வொரு குழிக்கும் நாய் முனகியது. த்ரீவீல்காரர் ஒவ்வொரு முனகலுக்கும் வேகத்தைக் குறைத்தார்.

ஒபிஸில் டொக்டர் இல்லை. பியோன் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

“மிஸ் நே. ஃபீல்ட் கிஹில்லா,” என்றார். டொக்டர் மிஸ் வெளியே போயிருக்கிறார். எங்கேயோ மாட்டுக்குப் பேறு பார்க்கப் போனார், வர இரண்டு மணித்தியாலம் ஆகலாம் என்றார். பிறகு நாயின் வயிற்றைப் பார்த்தார். போனை எடுத்து டொக்டருக்கு அடித்து, சத்தத்தைக் கூட்டி என் முன்னால் பிடித்தார்.

டொக்டருக்குச் சின்ன வயசுக் குரல். எல்லாம் சிங்களத்தில்தான். எங்கள் பக்கத்தில் சிங்களம் இல்லாமல் ஒரு நாள் ஓட்ட முடியாது, அதனால் எனக்கு அது ஒரு கஷ்டம் இல்லை. கஷ்டம் அவர் கேட்ட கேள்விதான். காயத்துக்கு என்ன போட்டீர்கள் என்று கேட்டார்.

“ரப்பர் கிரி,” என்றேன். ரப்பர் பால்.

போனில் அந்தப் பக்கம் ஒரு மாடு கத்துவது மட்டும் கேட்டது.

“மேலேயா, உள்ளேயா?”

“மூடி ஒட்டியிருக்கேன் மிஸ்.”

“எத்தனை நாள்?”

“மூணு.”

நான் திட்டுக்குக் காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள் என்றார். வெளுத்திருந்தது, ஆனால் முழு வெள்ளை இல்லை. விரலால் அமுக்கி விடுங்கள், நிறம் திரும்புகிறதா என்றார். மெதுவாகத் திரும்பியது. அப்படியானால் நான் வரும்வரை காத்திருக்க வேண்டாம், அதை நீங்கள் இப்போதே திறக்க வேண்டும் என்றார்.

“எனக்குத் தெரியாது மிஸ்.”

“ஒட்டத் தெரிந்ததுதானே. உரியுங்கள்.”

சொன்னதை வரிசையாகச் செய்தேன். முதலில் வாயைக் கட்டச் சொன்னார். எவ்வளவு நல்ல நாயும் வலியில் கடிக்கும், அது அதன் குற்றமில்லை என்றார். என் தலைத்துணியைக் கிழித்து மூக்குக்கு மேலே சுற்றி, தாடைக்கு அடியில் கொண்டுவந்து, காதுக்குப் பின்னால் கட்டினேன். வாந்தி வருகிற மாதிரி இருந்தால், மூச்சு திணறினால் உடனே அவிழ்க்க வேண்டும். மண்ணெண்ணெய் தொடக் கூடாது. கத்தரிக்கோலால் ஒட்டைச் சுற்றி மயிரை வெட்டி, ஓரத்தில் தேங்காய் எண்ணெய் விட வேண்டும். பியோன் இரண்டு போத்தல் சேலைன் கொண்டுவந்து வைத்தார். கையுறையும் தந்தார்.

நாயின் தலையை வீட்டுக்காரர் மடியில் வைத்துக்கொண்டார். இடது கை அதன் கழுத்தில். பின்னங்கால்களைப் பிடிக்க ஆள் இல்லை. பியோன் போனைப் பிடித்திருந்தார். த்ரீவீல்காரர் வாசலில் நின்றார். ஒரு நிமிசம் பார்த்தார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டு வந்து குந்தினார்.

“எப்பிடியும் கழுவத்தான் ஈக்குது,” என்றார்.

ரப்பர் உரிப்பது எனக்குத் தினசரி வேலை. முந்தின நாள் வெட்டிய கோட்டில் பால் காய்ந்து நாடா மாதிரி ஒட்டிக் கிடக்கும். ஒட்டுப்பால் என்போம். புது வெட்டுப் போடுவதற்கு முன்னால் அதை ஒரு நுனியில் பிடித்து இழுத்து எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் பட்டையும் சேர்ந்து வரும். மரம் காயப்படும். அந்த மாதிரித்தான் பிடித்து இழுத்தேன். எண்ணெய் விட்டு, கொஞ்சம் இழுத்து, மயிரை வெட்டி, திரும்பவும் கொஞ்சம். பாதி வரும்போது உள்ளே இருந்தது வெளியே வந்தது. வாடையில் பியோன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வந்துகொண்டே இருந்தது. மண், மயிர், ஒரு காய்ந்த இலைத் துண்டு. எல்லாவற்றையும் நான்தான் உள்ளே வைத்து மூடியிருந்தேன்.

நாய் கத்த முடியாமல் கத்தியது. கட்டிய வாய்க்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. அது அவரைப் பார்க்கவில்லை. கால் பிடித்தவரையும் பார்க்கவில்லை. முழு நேரமும் என்னைத்தான் பார்த்தது.

“ஊத்துங்கக்கா, நிப்பாட்ட வாணாம்,” என்றார் த்ரீவீல்காரர். அவர் கையெல்லாம் சீழ். “ஊத்துங்க.”

இரண்டு போத்தலையும் உள்ளே ஊற்றிக் கழுவினேன். டொக்டர் சொன்னபடி மூடவில்லை. ஈரத் துணியைச் சும்மா மேலே போட்டுவிட்டு வாய்க்கட்டை அவிழ்த்தேன்.

டொக்டர் வந்தபோது அவருடைய பூட்ஸ் எல்லாம் சாணம். வந்தவுடன் நாய்க்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஊசி போட்டு மயக்கி, செத்த சதையை வெட்டி எடுத்தார். நிறைய வெட்டினார். சேலைன் ஏற்றினார். வேலை முடிந்த பிறகுதான் என்னிடம் பேசினார்.

“யார் சொன்னது இப்படிப் போடச் சொல்லி?”

“யாரும் சொல்லல்ல மிஸ். எங்க கை வெட்டுப்பட்டா இதுதான் போடுவோம்.”

கையைக் காட்டச் சொன்னார். காட்டினேன். தழும்புகளைப் பார்த்தார். உங்கள் கத்தி தீட்டின கத்தி, காயம் சின்னது, சுத்தம், அதனால் தப்பித்துக்கொண்டே வந்திருக்கிறீர்கள் என்றார். பன்றிப் பல் அப்படி இல்லை. மண்ணைத் தின்கிற வாய். அந்தக் காயத்தைக் கழுவிக் கழுவித் திறந்தே வைக்க வேண்டும், துணியால் அமுக்கிப் பிடித்து ஒரு மணித்தியாலத்துக்குள் இங்கே கொண்டுவர வேண்டும் என்றார்.

பிறகு வீட்டுக்காரரைப் பார்த்து, “நீங்கள் பட்டியில் வேலை செய்தவராம். நீங்களாவது சொல்லியிருக்கலாமே மாமா,” என்றார். த்ரீவீல்காரர்தான் அதைச் சொல்லியிருப்பார்.

“இல்ல,” என்றார் வீட்டுக்காரர்.

டொக்டர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். மேசைப் பக்கம் திரும்பி எழுதப் போனார். நான் விட்டிருக்கலாம். வீட்டுக்காரருக்கு அது ஒன்றும் இல்லை, இன்னொரு நாள் அந்த டொக்டரைப் பார்க்கப் போவதும் இல்லை.

“சொன்னாரு மிஸ்,” என்றேன். “மூணு தரம் சொன்னாரு. கையக் குறுக்க வெச்சாரு. நான்தான் தள்ளிவுட்டேன்.”

டொக்டர் எழுதுவதை நிறுத்தினார். அவரையும் என்னையும் பார்த்தார். வீட்டுக்காரர் நாயின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். பிழைக்குமா என்று கேட்டேன். ஐந்து நாள் போகட்டும் என்றார்.

நாயை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஐந்து நாளும் நான் வேலைக்குப் போகவில்லை. ஒரு போத்தல் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவைத்து ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டுக் காலையும் பின்னேரமும் கழுவ வேண்டும். முதல் நாள் நான் போத்தலை எடுத்துக்கொண்டு போனதும் நாய் பல்லைக் காட்டியது. அது என்னிடம் பல்லைக் காட்டியது அதுதான் முதல் தடவை. திரும்பவும் வாயைக் கட்டப் போனேன். அவர் என் கையில் இருந்து போத்தலை வாங்கிக்கொண்டார். இடது கையால் அவர் ஊற்றினார். நாய் அசையாமல் கிடந்தது. நான் அவருக்குப் பின்னால் நின்று துணியை நீட்டினேன். டொக்டர் தந்த மாத்திரையை ரொட்டிக்குள் வைத்து அவர்தான் கொடுத்தார். நான் கொடுத்தால் மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும்.

ஆறாம் நாள் எழுந்து நின்றது. பிழைத்தது. காயம் மூட இரண்டு மாதம் ஆனது. வலது பின்னங்காலை இப்போதும் ஊன்றுவதில்லை, மூன்று காலில்தான் நடை.

என்னை வெறுத்தது என்று சொல்ல மாட்டேன். நான் வேலை விட்டு வரும்போது எழுந்து கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய்விடும். என் உடம்பில் ரப்பர் வாடை. குளித்தாலும் போகாது, இருபத்தாறு வருசத்து வாடை. நான் வைத்த சோற்றை நான் உள்ளே போன பிறகுதான் தின்னும்.

“அது மறந்துரும்க்கா. நாய்தானே,” என்றாள் பக்கத்துக் காம்பராப் பெண்.

எனக்கு அது மறக்க வேண்டும் என்று இல்லை. ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அவர் விழுந்தால் அது என்னைத் தேடி வருமா? முன்பு தனக்கு அடிபட்டபோது என்னைத் தேடித்தான் வந்தது. வந்ததற்கு என்ன கிடைத்தது என்று அதற்குத் தெரியும். இனி எதை நம்பி வரும்? இதை நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் சிரிப்பார்கள். ஒவ்வொரு நாளும் கதவைச் சாத்தும்போது மட்டும் நாயைப் பார்ப்பேன். அது என்னைப் பார்க்காது.

கங்காணியிடம் கேட்டு லயத்துக்குக் கிட்ட இருக்கிற மேல் மலைக்கு மாறிக்கொண்டேன். பழைய மரங்கள், பால் குறைவு. ஆனால் கூப்பிட்டால் கேட்கிற தூரம். கூப்பிடத்தான் அவரால் முடியாது.

மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு நாள், வெட்டு முடிகிற நேரம், நாய் குரைக்கிற சத்தம் கேட்டது. நிமிர்ந்தேன். வரிசைக்கு அந்தக் கடைசியில், பத்து மரம் தள்ளி நின்றது. மூன்று காலில் அந்த மேட்டை ஏறி வந்திருந்தது. நாக்கு தொங்கியது. நான் கிட்டப் போனேன். நான் போகப் போக அது பின்னால் நகர்ந்தது. குரைப்பதை நிறுத்தவில்லை.

“வாறேன், போ,” என்றேன்.

திரும்பி இறங்கியது. நான் பின்னால் ஓடினேன். நான் வேகமாகப் போனால் அதுவும் வேகமாக நொண்டியது. நான் நின்றால் அதுவும் நின்று திரும்பிப் பார்த்தது. வீடு வரைக்கும் அந்தப் பத்து மரத் தூரம் குறையவில்லை.

அவர் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் சரிந்து கிடந்தார். கை கட்டில் காலில் சிக்கியிருந்தது. எடுத்துவிட்டு, முதுகுக்குக் கை கொடுத்துத் தூக்கி உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். வலிக்கிறதா என்று கேட்டேன். இல்ல என்றார். முகத்தைப் பார்த்தேன். தோளில் வலி இருந்தது. எண்ணெய் தேய்த்துவிட்டேன்.

நாய் வெளியே வாசலுக்கு ஒரு பக்கமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே வரவில்லை. நான் எண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, பீலிக்குப் போகிற படிக்கட்டில் தள்ளி உட்கார்ந்தேன்.

அது உள்ளே போனது.